கோப்பு இருக்கிறது, இல்லை என்கிறது: சிறு ஆர்ம் போர்டுகளுக்கு நிரல் தொகுப்பது பற்றி



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வேலையைத் தொடங்கி வைத்துவிடுகிறேன். இந்த மேசைமேல், தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் பச்சையாகக் கிடப்பது ராஸ்பெர்ரி பை ஜீரோ. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். 512 மெகாபைட் நினைவகம், 1 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஒரே ஒரு கோர். 2015 நவம்பரில் 5 டாலர் விலையில் வந்தது. தி மேக்பை இதழின் 40ஆம் இதழோடு அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். அதில் பைத்தான் மொழியின் மூல நிரலை இறக்கி வைத்திருக்கிறேன். ‘மேக்’ என்று அடித்து என்டரைத் தட்டுகிறேன். திரையில் வரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அது பாட்டுக்கு ஓடட்டும், நாம் பேசுவோம்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்தப் பெரியவர் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் என்று அவருடைய மகள் சற்று முன் என்னிடம் சொன்னார். பின்மூடியைக் கழற்றிப் பார்க்காத பெட்டியைத் தன் பெட்டி என்று அவர் சொல்லவே மாட்டாராம். நான் பேச வந்த செய்தியும் அதுதான். ஒரு சிறு போர்டைக் காசு கொடுத்து வாங்கினால் அது நம் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அதற்கான நிரலை நாமே மூலத்திலிருந்து தொகுத்து ஓடவிடும் வரை அது நம் கைக்கு வந்ததாக நான் எண்ணுவதில்லை. பாடநூல் ‘தொகுத்தல்’ என்கிறது, ஆய்வகத்தில் எல்லோரும் ‘கம்பைல்’ என்கிறோம். இரண்டையும் கலந்தே புழங்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இறுதியாண்டு மாணவி ஒருத்திக்குப் பழைய ஆர்ம் போர்டு ஒன்று கிடைத்தது. அதில் லினக்ஸ் இருந்தது. வேறொரு போர்டுக்காகத் தொகுத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரலை அப்படியே இதில் கொண்டுவந்து வைத்தாள். ஓட்டினாள். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தது. பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு இருக்கிறது. இயக்கும் உரிமையும் சரியாக இருக்கிறது. மறுபடி ஓட்டினால் அதே பதில். மெமரி கார்டு கெட்டிருக்கும் என்று கார்டை மாற்றினாள். பாதையை முழுதாக அடித்துப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்றரை மணிக்கு என்னிடம் வந்து, “மேடம், கோப்பு கண்ணு முன்னாடியே இருக்கு. இல்லைன்னு சொல்லுது” என்றாள். குரல் கம்மியிருந்தது.

‘ஃபைல்’ என்ற சின்னக் கட்டளையை அந்தக் கோப்பின்மேல் ஓட்டச் சொன்னேன். ஒரே ஒரு நீண்ட வரி வந்தது. 32 பிட், ஆர்ம், இஏபிஐ5 என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் இந்த நிரலை நினைவகத்தில் ஏற்றிவிடும் ஏற்றியின் பெயர் இருந்தது: எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப் டாட் எஸ்ஓ டாட் 3. இப்போது அந்தப் பழைய போர்டின் லிப் அடைவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தது எல்டி-லினக்ஸ் டாட் எஸ்ஓ டாட் 3. நடுவில் ‘ஆர்ம்எச்எஃப்’ என்ற துண்டு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கர்னல் அவளுடைய கோப்பைத் திறந்தது, படித்தது. ‘என்னை ஓட்ட இன்ன ஏற்றி வேண்டும்’ என்று அதற்குள் எழுதியிருந்தது. அந்த ஏற்றியைத் தேடியது, கிடைக்கவில்லை. ‘கோப்பு இல்லை’ என்று திருப்பிச் சொன்னது. அது இல்லை என்றது ஏற்றியை. அவள் புரிந்துகொண்டது தன் கோப்பை. எந்தக் கோப்பு என்று செய்தியில் ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை மதியம் சாப்பிட்டிருப்பாள்.

அந்த ‘எச்எஃப்’ என்ன என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு நிரலுக்குள் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது எண்களைக் கையளிக்க வேண்டும். முழு எண் என்றால் சாதாரண ரிஜிஸ்டர்களில் வைத்துக் கொடுக்கலாம். 3.14 போன்ற மிதவைப்புள்ளி எண்ணை எங்கே வைப்பது? தனியான மிதவைப்புள்ளிச் சுற்று எல்லா ஆர்ம் சில்லுகளிலும் இருக்கவில்லை. ஆகவே பழைய வழக்கம், எதுவானாலும் சாதாரண ரிஜிஸ்டரில் வை என்றது. புதிய வழக்கம், மிதவைப்புள்ளி எண்ணை அதற்கான ரிஜிஸ்டரிலேயே வை என்றது. இந்தப் புதிய வழக்கம்தான் ஹார்டு ஃப்ளோட், சுருக்கமாக எச்எஃப். ஒன்று வலது பையில் போட்ட பணத்தை மற்றொன்று இடது பையில் தேடினால் என்ன ஆகும்? அப்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஏற்றியின் பெயரையே மாற்றி வைத்தார்கள். தப்பான விடையோடு ஓடுவதைவிட ஓடாமல் நிற்பது நல்லது என்ற அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

‘ஆர்ம் போர்டு’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே ஏன் இத்தனை பிரிவுகள்? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற கணினி நிறுவனம் இருந்தது. அங்கே சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் 1983இல் ஒரு புதிய சில்லை வடிவமைக்கத் தொடங்கினார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு கைக்கு வந்தது. அது ஓடும்போது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளக்கப் போனால் மீட்டர் பூச்சியம் காட்டியது. பிறகு பார்த்தால், போர்டில் சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. மற்ற கால்கள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. ஃபர்பரும் வில்சனும் பலமுறை சொல்லியிருக்கும் நிகழ்ச்சி இது.

1990 நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து ஆர்மைத் தனி நிறுவனமாக்கின. அது சில்லு செய்து விற்கும் வழியில் போகவில்லை, வடிவமைப்பை உரிமம் கொடுத்து விற்றது. வாங்கியவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்தார்கள், வேண்டாததை விட்டார்கள். ஒருவர் மிதவைப்புள்ளிச் சுற்று வைத்தார், மற்றவர் செலவு என்று விட்டார். ஒருவருக்கு ஆர்ம் கட்டளைத் தொகுதியின் 5ஆம் பதிப்பே போதும், இன்னொருவருக்கு 7ஆம் பதிப்பு வேண்டும். வீட்டுக்கு வீடு வாசற்படி வேறு.

முதல் சில்லுகளில் ஒரு சின்னக் குறை இருந்தது. அது இன்றைக்கும் நம் மாணவர்களைத் தடுக்கி விழவைக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு பைட்டைக் குறியோடு சேர்த்து, அதாவது கழித்தல் குறி பார்த்து எடுத்துவரும் கட்டளை அவற்றில் இல்லை; 4ஆம் பதிப்பில்தான் வந்தது. ஆகையால் ஆர்மில் சி மொழியின் ‘கேர்’ வகையைக் குறியில்லாததாக, 0 முதல் 255 வரை என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் மடிக்கணினியில் அதே ‘கேர்’ −128 முதல் 127 வரை. மீன் ஐஸ்பெட்டியின் வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றை என் மாணவர்கள் செய்தார்கள். மடிக்கணினியில் சோதித்தபோது −5 டிகிரி சரியாகக் காட்டியது. போர்டில் ஏற்றியதும் 251 டிகிரி என்றது. சென்சாரைத் திட்டினார்கள், ஒயரைத் திட்டினார்கள். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லையே என்றார்கள். உண்மைதான், நிரல் மாறவில்லை. அதைத் தொகுத்த இடத்தின் வழக்கம் மாறிவிட்டது. ‘கேர்’ என்பதை ‘சைன்டு கேர்’ என்று எழுதியதும் −5 வந்தது. எண்களை வைக்க ‘கேர்’ என்று வெறுமனே எழுதாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது நான் மனம் நிறையச் சொல்ல விரும்பும் கதைக்கு வருகிறேன்.

2012 பிப்ரவரி 29 அன்று முதல் ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. 35 டாலர், 256 மெகாபைட் நினைவகம். உள்ளே பிராட்காமின் பிசிஎம்2835 சில்லு. அதற்குள் 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம்1176 கோர். அது ஆர்ம் கட்டளைத் தொகுதியின் 6ஆம் பதிப்பைச் சேர்ந்தது. மிதவைப்புள்ளிச் சுற்றும் அதில் உண்டு.

அந்த நேரத்தில் டெபியன் லினக்ஸ் குழுவினர் ஆர்முக்கென்று இரண்டு வரிசைகளைப் பராமரித்தார்கள். ஒன்று ஆர்ம்எல்: பழைய சில்லுகளுக்கானது, மிதவைப்புள்ளிச் சுற்று இருக்கும் என்று நம்பாமல் எழுதப்பட்டது. மற்றது ஆர்ம்எச்எஃப்: புதியது, வேகமானது, ஆனால் குறைந்தது 7ஆம் பதிப்புச் சில்லு வேண்டும். பை இரண்டுங்கெட்டான் நிலையில் மாட்டிக்கொண்டது. ஆர்ம்எல் போட்டால் ஓடும், ஆனால் சில்லில் இருக்கும் மிதவைப்புள்ளிச் சுற்று பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஆர்ம்எச்எஃப் போட்டால் ஓடவே ஓடாது. 7ஆம் பதிப்பின் கட்டளை ஒன்றைச் சந்தித்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நின்றுவிடும்.

மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். டெபியனின் ஆர்ம்எச்எஃப் வரிசை முழுவதையும் மூலத்திலிருந்து எடுத்து, 6ஆம் பதிப்புக்கும் அதன் மிதவைப்புள்ளிச் சுற்றுக்கும் ஏற்ப மறுபடி தொகுப்பது. ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையின் வேலையாக இதைச் செய்யவில்லை; தாங்களாகவே இறங்கினார்கள். 2012 ஜூனில் முதல் சுற்று முடிந்தபோது 35,000க்கும் மேற்பட்ட பொதிகளைத் தொகுத்திருந்தார்கள். அதற்குப் பெயர்தான் ராஸ்பியன்.

35,000 என்பதை வாயால் சொல்லிவிடலாம். செய்வது எப்படி என்று சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பொதியைத் தொகுக்க அதற்கு முன் நான்கு பொதிகள் தயாராக இருக்க வேண்டும். அந்த நான்கில் ஒன்று, தன்னைத் தொகுக்க இந்த முதல் பொதியே வேண்டும் என்று நிற்கும். முட்டையா கோழியா என்ற வழக்கு ஆயிரம் இடத்தில் எழும். 256 மெகாபைட் பையிலேயே இதைச் செய்து முடிப்பது ஆகாத காரியம். ஆகவே அதைவிடப் பலமான 7ஆம் பதிப்பு ஆர்ம் போர்டுகளில், 6ஆம் பதிப்புக்கான நிரலை வெளியிடும்படி கம்பைலரை அமைத்துக்கொண்டு தொகுத்தார்கள்.

அங்கேதான் நுட்பமான ஆபத்து. ஏதோ ஒரு பொதிக்குள் எழுதியவர் அசெம்பிளி மொழியில் 7ஆம் பதிப்புக் கட்டளையைக் கையாலேயே எழுதியிருப்பார். அல்லது ‘நான் ஓடுவது எந்தச் சில்லில்’ என்று பொதியின் தொகுப்பு நிரல் தானே பார்த்து, ‘7 இருக்கிறது, 7க்கே தொகுப்போம்’ என்று முடிவெடுத்துவிடும். தொகுக்கும் போர்டில் எல்லாச் சோதனையும் தேறிவிடும், ஏனென்றால் அது 7ஆம் பதிப்புதான். பையில் போனதும் நின்றுவிடும். இதைப் பிடிக்க ஒவ்வொரு கோப்பையும் திறந்து, ‘எந்தப் பதிப்புக்குத் தொகுக்கப்பட்டது’ என்று அதற்குள் பதிந்திருக்கும் குறிப்பைப் பார்க்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. நீங்களும் பார்க்கலாம், ‘ரீட்எல்ஃப்’ என்ற கருவி அந்தக் குறிப்பைக் காட்டும்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் பையைத் திரையில் இணைத்து விளையாடியது அந்த இருவரின் உழைப்பின்மேல்தான். 2020இல் அந்த இயங்குதளத்தின் பெயர் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்று மாறியது. அதன் 32 பிட் வடிவத்துக்கு அடித்தளம் ராஸ்பியனே. இதோ, இந்த ஜீரோவில் இருப்பதும் 2012இன் அதே 6ஆம் பதிப்புக் கோர். இந்தத் திரையில் வரிகள் ஓடுவதும் அவர்கள் போட்ட பாதையில்தான்.

உங்கள் மேசைக்கு வருவோம். போர்டு சிறியது, மடிக்கணினி வேகமானது. மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு போர்டுக்கான நிரலைத் தொகுப்பதைக் கிராஸ் கம்பைல் என்கிறோம். உபுண்டுவில் ஒரு பொதியை நிறுவினால் ஆர்ம் கம்பைலர் கிடைத்துவிடும். மாணவர்கள் மகிழ்ச்சியோடு ‘ஹலோ வேர்ல்டு’ தொகுத்துப் பை ஜீரோவில் போடுவார்கள். இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். அந்தக் கம்பைலர் இயல்பாக 7ஆம் பதிப்புக்கு எழுதுகிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். ‘6ஆம் பதிப்புக்கு எழுது’ என்று விருப்பச் சொல் கொடுப்பார்கள். மறுபடியும் அதே பிழை. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதிய வரிகள் 6க்கு மாறிவிட்டன, சரி. ஆனால் ஒரு சி நிரல் உங்கள் ‘மெயின்’ ஃபங்ஷனில் தொடங்குவதில்லை. அதற்கு முன் தொடக்கத் துணுக்குகள் சில ஓடும். அவை கம்பைலர் பொதியோடு ஏற்கெனவே தொகுத்த நிலையில் வந்தவை, 7ஆம் பதிப்புக்கு. உங்கள் முதல் வரியை எட்டும் முன்பே நிரல் செத்துவிடுகிறது. இதற்கு வழி, 6ஆம் பதிப்புக்கென்றே கட்டிய கம்பைலர் தொகுதி. கிராஸ்டூல்-என்ஜி போன்ற கருவியைக் கொண்டு அதை நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஒரு மாலைப் பொழுது ஆகும். அந்த மாலையில் கற்றுக்கொள்வது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம் என்பது என் அனுபவம்.

இன்னொரு பள்ளம், சி நிரல்கள் சார்ந்திருக்கும் கிளிப்சி நூலகத்தின் பதிப்பு. உபுண்டு 22.04இல் தொகுத்ததைச் சற்றே பழைய ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் போட்டால் ‘கிளிப்சி 2.34 இல்லை’ என்று வரும். உபுண்டுவில் இருப்பது 2.35, புல்ஸ்ஐ வெளியீட்டுப் பையில் இருப்பது 2.31. கீழ்ப் பதிப்பில் தொகுத்தது மேல் பதிப்பில் ஓடும், மேலதில் தொகுத்தது கீழே இறங்காது. போர்டில் உள்ள நூலகங்களை அப்படியே மடிக்கணினிக்கு நகலெடுத்து, ‘இவற்றைப் பார்த்துத் தொகு’ என்று கம்பைலருக்குக் காட்டுவதே சரி. அந்த நகலைச் சிஸ்ரூட் என்பார்கள்.

போர்டிலேயே தொகுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கம்பைலர், நூலகம், சில்லு எல்லாம் ஓரிடத்தில் இருக்கின்றன. விலை, நேரம். பெரிய சி++ கோப்பு வந்தால் நினைவகம் தீர்ந்து, கர்னல் கம்பைலரையே கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்ற ஒரு சொல் மட்டும் நிற்கும். நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டாமல் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள், ஸ்வாப் இடத்தைச் சற்றுக் கூட்டுங்கள், பெரும்பாலும் தேறிவிடும்.

லினக்ஸ் ஓடாத இன்னும் சிறிய போர்டுகளும் இருக்கின்றன. 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 264 கிலோபைட் ரேம் மட்டுமே. போர்டிலேயே தொகுக்கும் பேச்சுக்கே இடமில்லை. மிதவைப்புள்ளிச் சுற்று அதில் கிடையாது; அந்தக் கணக்குக்கான நிரல்களைச் சில்லின் ரோமிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். தொகுத்த கோப்பை இழுத்துப் போட்டால் போதும். தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். 2011இல் லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதற்குள் ஆர்ம் பகுதி போகும் போக்கைக் கண்டு கடுமையாகவே கோபப்பட்டார். ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாக நிரல் எழுதிக் கர்னலை வீங்க வைத்தார்கள் என்பது அவர் குறை. அதன்பின் போர்டின் விவரங்களைக் கர்னலிலிருந்து பிரித்து டிவைஸ் ட்ரீ என்ற தனிக் கோப்பில் எழுதும் முறை ஆர்மிலும் வேரூன்றியது. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7இல், ஒரே கர்னல் பல ஆர்ம் சில்லுகளில் ஓடும் நிலை தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும், நாங்கள் வாங்கிய பத்துப் போர்டுகளின் விற்பனையாளர் பழைய கர்னலை இருமக் கோப்பாக மட்டும் கொடுத்தார். மூல நிரல் கேட்டோம். பதிலே வரவில்லை. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்துப் போர்டுகளும் அலமாரிக்குப் போயின. சில்லில் ஒரு குறையும் இல்லை. தொகுக்க வழியில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் கர்னலின் உரிமமான ஜிபிஎல் 2ஆம் பதிப்பு மூல நிரலோடு, தொகுப்பதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது. ஆகவே கொள்முதல் செய்யும் பேராசிரியர்களை வேண்டுகிறேன்: விலைப்புள்ளி கேட்கும்போதே கர்னல் மூலமும் கம்பைலர் விவரமும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரல் ஓடிய அன்று கம்பைலரின் பதிப்பு, கொடுத்த விருப்பச் சொற்கள், கிளிப்சி பதிப்பு, போர்டின் பெயர், இவற்றைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பின்னால் வரும் தம்பி தங்கைகள் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவார்கள்.

எங்கள் அலமாரியைச் சென்ற கோடை விடுமுறையில் மறுபடி திறந்தோம். முன்பு நான் சொன்ன அதே மாணவி, இப்போது வேலையில் இருப்பவள், இரண்டு வாரம் விடுப்பில் வந்திருந்தாள். அந்தப் போர்டின் சில்லுக்கு இப்போது பொதுக் கர்னலிலேயே ஆதரவு வந்துவிட்டதைக் கண்டுபிடித்தாள். டிவைஸ் ட்ரீ கோப்பு மட்டும் இல்லை. அதே சில்லு உள்ள வேறொரு போர்டின் கோப்பை எடுத்து, மின்சுற்றுப் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாகத் திருத்தினாள். ஆறாவது நாள் சீரியல் ஒயரில் முதல் எழுத்துகள் வந்தன. பத்தில் ஏழு போர்டுகள் இப்போது ஓடுகின்றன. மூன்றில் ஈத்தர்நெட் மட்டும் இன்னும் எழவில்லை.

சரி, திரையைப் பாருங்கள். பைத்தான் இன்னும் தொகுப்பாகிக்கொண்டிருக்கிறது. தேநீர் இடைவேளைக்குப் பிறகும் ஓடும் என்று நினைக்கிறேன். முன்னால் வாருங்கள். போர்டைத் தொட்டுப் பார்க்கலாம், சில்லு கொஞ்சம் சுடும். கேள்விகளை அங்கேயே நின்று பேசிக்கொள்வோம்.